வேங்கடத்தின் நிழலில் அமரர் கல்கி

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கட மலையைத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுகின்றது. அம்மலையின் அடிவாரத்திலும் அதன் தெற்கே சித்தூர் வரை பரந்து கிடக்கும் நிலத்திலும் பிழைப்பை நாடிக் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், ஆண்டுக்கு ஒரு முறை ஒன்று கூடித் தமிழ்ச் சான்றோர் ஒருவரை நினைந்து போற்றுவதை நற்கடமையாகக் கருதுகின்றோம். இவ்வாண்டு நம் நினைவுக்கு உரியவராக வாய்த்தவர் அமரர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார்.

காவிரிக் கரையிற் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த கல்கிக்கும், சித்தூர் திருப்பதிப் பகுதிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் சிறு தொடர்பு அன்று. அவர் படைத்த வீரர்களுள் தமிழ் மக்களின் உள்ளத்தை மிகவும் கவர்ந்த ஒருவன் நம் பக்கத்து மண்ணுக்கு உரியவன். அவர் எழுதிய மிகப் பெரிய நாவலின் உயிர்நிலையான நிகழ்ச்சிக்குச் சான்று நின்றதும் நம் பழைய மாவட்டத்து ஊர் ஒன்றிற் கிடைத்த செப்பேடே. அவற்றைக் காண்பதற்கு முன் அவர்தம் வாழ்க்கையைச் சுருங்கக் காண்போம்.

இளமையும் சிறைவாசமும்

கிருஷ்ணமூர்த்தி, பழைய தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர். தாயார் தையல்நாயகி அம்மையார். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. ஊர்ப் பள்ளியிலும் பின்னர் மாயவரத்திலும் பயின்ற அவர், உயர்நிலைக் கல்விக்காகத் திருச்சிராப்பள்ளித் தேசியக் கல்லூரியின் பள்ளியிற் சேர்ந்தார்.

இறுதித் தேர்வு நெருங்கிய வேளை. தேறினால் அரசாங்க உத்தியோகம். அதனால் குடும்பத்தின் வறுமை நீங்கும். அந்நாளிற்றான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிற்று. 1921ஆம் ஆண்டில், தேர்வு எழுதாமலே பள்ளியை விட்டு வெளியேறினார் கிருஷ்ணமூர்த்தி. இன்று நம் காலனிப் பிள்ளை ஒருவன் பொதுத்தேர்வுக்கு முன் இவ்வாறு செய்தால் நம் உள்ளம் எவ்வளவு பதறும் என்பதை எண்ணினால், அச்செயலின் அருமை நமக்குப் புலப்படும். அடுத்த ஆண்டு அவர் சிறை புகுந்தார். ஓராண்டு சிறைவாசம் அனுபவித்தார். அதன் பின்னர் 1930ஆம் ஆண்டிலும், தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போதும் சிறை சென்றார். இளமையில் அவர் ஏற்ற விரதம் அஹிம்சை. இதனை நாம் மறவாமல் உள்ளத்தில் இருத்திக் கொள்ளல் வேண்டும். ஏனெனில் போர்க்காலக் கதைகளால் நிலைத்த புகழ் எய்தியவர் இவரே.

இதழாசிரியர்

1923ஆம் ஆண்டில் திரு. வி. கலியாணசுந்தரனாரின் நவசக்தி இதழில் துணையாசிரியராக அமர்ந்தார். தமிழ் உரைநடைக்குப் புது மிடுக்கு அளித்த திரு. வி. க.வின் நிழலிற் பெற்ற பயிற்சி அவருக்குப் பெரிதும் உதவிற்று. பின்னர் இராஜாஜியின் அழைப்பிற்கு இணங்கித் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமம் சென்று, மதுவிலக்குப் பிரசாரத்திற்கென நடந்த விமோசனம் என்னும் இதழின் பணியை மேற்கொண்டார். குடியினால் அழியும் ஏழை மக்களுக்கு எளிதில் விளங்குமாறு எழுத வேண்டிய கட்டாயம் அங்கே அவருக்கு ஏற்பட்டது. கற்றோரும் கல்லாரும் ஒருங்கே சுவைக்கும் அவருடைய நடைக்கு ஆசிரமத்துக் கூரையின் கீழ் இட்ட அடித்தளமே காரணம் என்று கூறுதல் மிகையாகாது.

1931ஆம் ஆண்டில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கல்கி என்ற புனைபெயர் வீடுதோறும் ஒலிக்கத் தொடங்கியது அக்காலத்திலேயே. நகைச்சுவைக் கட்டுரைகள், சிறுகதைகள், தலையங்கங்கள், கர்நாடகம் என்ற மற்றொரு பெயரில் இசை விமரிசனங்கள் என்று பல துறையிலும் அவர் எழுதுகோல் ஓடிற்று. கள்வனின் காதலி, தியாக பூமி ஆகிய தொடர்கதைகள் மக்களைப் பித்துக் கொள்ளச் செய்தன. தியாக பூமி 1939ஆம் ஆண்டில் திரைப்படமாக வெளிவந்தபோது, அதிலிருந்த நாட்டுப்பற்று ஆட்சியாளருக்குப் பொறுக்கவில்லை. படம் தடை செய்யப்பட்டது.

1941ஆம் ஆண்டில் நண்பர் சதாசிவத்துடன் இணைந்து, தம் புனைபெயரையே பெயராகக் கொண்ட கல்கி இதழைத் தொடங்கினார். பத்திரிகைக்கு வேண்டிய பொருளின் பொருட்டு, சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி என்ற படத்தில் நாரதராக நடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1945ஆம் ஆண்டில் வெளிவந்த மீரா படத்தில் அவ்வம்மையார் பாடிய பாடல்கள் சிலவற்றை இயற்றியவரும் கல்கியே. அப்படத்தில் மீராவின் கணவராகிய மன்னராக நடித்தவர், நம் சித்தூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடெங்கும் கொண்டு சென்ற சித்தூர் வி. நாகையா என்பதை இங்கு நினைவு கூர்ந்து மகிழ்கின்றோம்.

போர்க்காலத்திற் பிறந்த கதைகள்

இதழ் தொடங்கிய ஆண்டைக் கவனித்தல் வேண்டும். உலகம் இரண்டாம் போரில் எரிந்து கொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டே பார்த்திபன் கனவு தொடராக வெளிவரலாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். காகிதமோ கிடைத்தற்கு அரிய பொருளாகிவிட்டது. அத்தகைய நாளில் ஒரு சோழ இளவரசனின் கதைக்காக மக்கள் காத்திருந்தனர். சிறு நாட்டின் மன்னன் பார்த்திபன், பேரரசனாகிய பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்து வெண்ணாற்றங்கரையிற் பொருது மடிகின்றான். தான் கண்ட சுதந்திரக் கனவை மகனுக்கு விட்டுச் செல்கின்றான். அன்னியர் ஆட்சியில் வாழ்ந்த மக்களுக்கு அக்கதையின் உட்பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதாக இல்லை.

மேனாடுகளில் இத்துறைக்கு வழிகோலியவர்கள் ஸ்காட்டும் டூமாவும் ஆவர். ஸ்காட்டின் வேவர்லி 1814ஆம் ஆண்டிலும், டூமாவின் மூன்று வீரர் கதை 1844ஆம் ஆண்டிலும் தோன்றின. தமிழிலும் திரிகோணமலைச் சரவணமுத்துப் பிள்ளை 1895ஆம் ஆண்டிலேயே மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டிருந்தார். எனினும், தமிழ் மன்னரின் போர்களும் சிற்பங்களும் கல்வெட்டுகளும் சாதாரணக் குடும்பத்தின் அன்றாடப் பேச்சிற் புகுந்தது கல்கியாலேயே என்று துணிந்து கூறலாம்.

அடுத்து வந்தது சிவகாமியின் சபதம். ஏழாம் நூற்றாண்டில் வாதாபிச் சளுக்கியப் பேரரசன் இரண்டாம் புலிகேசி காஞ்சியின் மீது படையெடுத்தான். பின்னர் மகேந்திர பல்லவரின் மகன் நரசிம்மவர்மர் 642ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்று பழி தீர்த்தார். வரலாறு கூறுவது இவ்வளவே. கல்கி இவ்விரு படையெடுப்புக்கும் இடையில் ஆடற்கலை வல்ல ஒரு சிற்பி மகளை நிறுத்தினார். பகைவனாற் சிறை கொண்டு செல்லப்பட்ட சிவகாமி, வாதாபி தீப்பற்றி எரிவதைக் கண்டாலன்றி அந்நகரை விட்டு வருவதில்லை என்று சூளுறுகின்றாள். சபதம் நிறைவேறுகின்றது, நகரம் எரிகின்றது. ஆனால் அவள் காஞ்சிக்கு மீளும்போது, தன் உள்ளத்திற் குடி கொண்ட மாமல்லர் மணமுடித்து மனைவியும் மக்களும் உடையவராயிருப்பதைக் காண்கின்றாள். வெற்றி முரசு ஒலிக்கும் வேளையில் அவளுக்கு எஞ்சுவது ஏகாம்பரநாதர் சந்நிதி ஒன்றே.

அஹிம்சை விரதம் பூண்ட ஒருவர் போர்க் கதைகளை எழுதியது முரணன்றோ என்று ஐயுறுவார்க்கு இம்முடிவே விடையாகும். வாளோசையும் குதிரைக் குளம்பொலியும் அவர் பக்கங்களில் நிறைந்துள்ளன. ஒற்றரும் மாறுவேடமும் சுரங்க வழிகளும் நம்மை மூச்சு விடாமல் இழுத்துச் செல்கின்றன. ஆயினும் கதை முடியும் இடத்தில், போரினால் ஒருவர் பெற்றது யாது, இழந்தது யாது என்ற கணக்கை அவர் நம் கையிற் கொடுத்துவிட்டே விலகுகின்றார். மூன்று முறை சிறை சென்றவரின் கணக்கு அது.

பொன்னியின் செல்வனும் நம் மண்ணும்

1950ஆம் ஆண்டு அக்டோபரில் பொன்னியின் செல்வன் தொடங்கிற்று. 1954ஆம் ஆண்டு மே வரை மூன்றரை ஆண்டு தொடர்ந்து ஐந்து பாகமாக நிறைவெய்திற்று. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாற்று நூல்களைக் கல்கி துணையாகக் கொண்டார். மணியம் வரைந்த ஓவியங்கள் கதை மாந்தருக்கு முகம் கொடுத்தன. வார இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, அட்டை கட்டிய தொகுதிகள் பல இல்லங்களிற் குலதனம் போற் காக்கப்பட்டன. நம் காலனியில் மூத்தோர் உள்ள வீடுகளில் இன்றும் அத்தகைய தொகுதி ஒன்றேனும் பரணிலிருந்து கிடைத்தல் கூடும்.

அந்நாவலிற் குதிரையேறி முதன்முதலில் நம் கண்ணிற்படும் வீரன் வல்லவரையன் வந்தியத்தேவன். குந்தவைப் பிராட்டியாரின் கணவர் பெயராக வல்லவரையர் வந்தியத்தேவர் என்னும் பெயர் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிற் காணப்படுகின்றது. அவர் எக்குலத்தவர் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கல்கியோ அவரை வாணர் குலத்தவராகவும் திருவல்லத்துக்கு உரியவராகவும் கொண்டார். இங்கேதான் நம் மண் கதையினுள் வருகின்றது.

மாவலியின் வழியினர் என்று தம்மைக் கூறிக் கொண்ட வாணர்கள் ஆண்ட நாடு பெரும்பாணப்பாடி எனப்பட்டது. இன்றைய சித்தூர் மாவட்டத்தின் பகுதிகளும் வேலூர்ப் பக்கத்து ஊர்களும் அதனுள் அடங்கியிருந்தன. சித்தூர் வழியே நீவா என்னும் பெயரோடு ஓடும் ஆறே தெற்கே சென்று பொன்னையாறு ஆகின்றது. அதன் கரையிற்றான் வாணரின் திருவல்லம் அமைந்துள்ளது. ஏர்ப்பேட்டை அருகிலுள்ள குடிமல்லம் கோயிலிலும் வாணர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற்பராந்தக சோழர் வாணரின் ஆட்சியை அழித்தார். நாடிழந்த குலத்தின் வழித்தோன்றலாக, கையில் வாளும் நெஞ்சில் துணிவும் அன்றி வேறு சொத்தில்லாதவனாக வந்தியத்தேவனைக் கல்கி படைத்ததற்கு இவ்வரலாறே பின்னணி. பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டு அயலூர்களிற் பெயர் எடுக்க முயலும் அவ்விளைஞனிடம், குடிபெயர்ந்து வாழும் நமக்குத் தனிப் பரிவு தோன்றுதல் இயல்பே.

கதையின் பின்னே நிற்கும் போர்களும் நம் அண்டையில் நிகழ்ந்தவை. முதல் ஆதித்த சோழர் உயிர் துறந்தது காளத்தியை அடுத்த தொண்டைமானாற்றூரில். அங்கே மகன் பராந்தகர் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் உள்ளது. 949ஆம் ஆண்டில் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த பெரும்போரிற் சோழ இளவரசர் இராஜாதித்தர் யானை மீதிருந்தபடியே வீழ்ந்தார். வெற்றி பெற்ற கிருஷ்ணன் 959ஆம் ஆண்டிற் பொன்னையாற்றங்கரையிலுள்ள மேற்பாடியிற் பாசறை அமைத்துத் தங்கியிருந்தான். பின்னர் அதே மேற்பாடியில், தம் பாட்டனார் அரிஞ்சயரின் நினைவாக இராஜராஜ சோழர் கோயில் எடுப்பித்தார். பகைவன் கூடாரம் அடித்த ஊரிலே பேரன் கோயில் எழுப்பிய அச்செயலை என்னென்பது! சித்தூரிலிருந்து மேற்பாடியும் திருவல்லமும் ஒரு நாளிற் சென்று கண்டு வரத்தக்க ஊர்களே.

திருமலையிலும் அக்குடும்பத்தின் சுவடு உண்டு. இராஜராஜரின் 16ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1001ஆம் ஆண்டில், சுந்தர சோழரின் தேவியரில் ஒருவரும் சேர மன்னர் மகளுமாகிய பராந்தகன் தேவி அம்மனார் திருவேங்கடமுடையானுக்குப் பொற்பட்டம் சார்த்திய செய்தி கல்வெட்டில் உள்ளது. கணவரை இழந்து பல்லாண்டு கடந்தபின் அம்மூதாட்டியார் மலையப்பனுக்கு அளித்த காணிக்கை அது. கல்கியின் கதையிற் கால் முடங்கிக் கட்டிலிற் கிடக்கும் சுந்தர சோழரை அறிந்தவர்கள், அக்கல்லெழுத்தின் செய்தியைக் கேட்டால் சற்றே நெகிழாமல் இரார்.

யாவற்றினும் சிறந்த தொடர்பு ஒன்று உண்டு. அருள்மொழிவர்மர், மக்கள் விரும்பிய அரியணையைத் தம் சிற்றப்பன் உத்தம சோழருக்கு விட்டுக் கொடுத்தார் என்பதே பொன்னியின் செல்வனின் சிகரம். இதற்குச் சான்று தருவது இராஜேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. திருவாலங்காடு திருத்தணியைச் சார்ந்தது. 1911ஆம் ஆண்டிற் சித்தூர் மாவட்டம் அமைந்தது முதல் 1960ஆம் ஆண்டு வரை திருத்தணி வட்டம் இம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கல்கி அந்நாவலை எழுதிக் கொண்டிருந்த நாளில், ஆந்திர மாநிலம் 1953ஆம் ஆண்டிற் பிறந்த வேளையில், எல்லை குறித்துத் தமிழரும் தெலுங்கரும் உள்ளம் கொதித்து நின்றனர். அத்தருணத்தில், உரிமையிருந்தும் ஒரு நாட்டை விட்டுக் கொடுத்த ஒருவனின் கதை வாரந்தோறும் வெளிவந்து கொண்டிருந்தது. கல்கி அதை எண்ணி எழுதினார் என்று நாம் கூற வரவில்லை. எல்லையின் இப்பக்கத்தில் தெலுங்கு மக்களோடு கொண்டும் கொடுத்தும் வாழும் நமக்கு அதனைப் படிக்கையில் அவ்வெண்ணம் தோன்றுகின்றது, அவ்வளவே.

குறையும் நிறையும்

கல்கியின் நாவல்களில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி என்பாரும், கதை வேண்டுமளவுக்கு மேல் நீளுகின்றது என்பாரும் உளர். வாரந்தோறும் வாசகரை ஆவலில் நிறுத்த வேண்டிய தொடர்கதைக்கு அக்குறைகள் உடன்பிறந்தவை. கற்பனையை வரலாறு என்று மயங்கும் ஆபத்தும் இல்லாமலில்லை. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை மாந்தர். ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகளின் பெயர்களோ உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளவை. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் பெற்றோர் கடமை. ஆயினும், கல்வெட்டு என்றொன்று உண்டு என்று அப்பிள்ளைகள் அறிவதற்கே கல்கிதானே காரணம்!

எழுத்தோடு நில்லாமல் பொதுப்பணியிலும் அவர் முன்னின்றார். தமிழிசை இயக்கத்துக்கு வாதாடினார். எட்டையபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் அமைக்க மக்களிடம் நிதி திரட்டினார். மண்டபம் 1947ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுதந்திரப் போராட்டத்தையும் பிரிவினைத் துயரையும் பின்னணியாகக் கொண்ட அலை ஓசை அவர் காலத்துக்குப் பின் சாகித்திய அகாடமியின் பரிசைப் பெற்றது.

ஓயா உழைப்பு அவர் உடலை அரித்தது. பொன்னியின் செல்வனை முடித்து ஏழு திங்கள் நிறைவதற்குள், 1954ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் கல்கி அமரரானார். அப்போது அவருக்கு வயது 55. எழுதத் தொடங்கியிருந்த அமரதாரா நாவலை அவர்தம் மகள் ஆனந்தி நிறைவு செய்தார். 1999ஆம் ஆண்டில், அவர் நூற்றாண்டு நிறைவில், தமிழ்நாட்டரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. 2022, 2023ஆம் ஆண்டுகளிற் பொன்னியின் செல்வன் இரு பாகத் திரைப்படமாகித் தெலுங்கிலும் பேசிற்று. நம் பிள்ளைகள் தெலுங்குத் தோழர்களோடு சேர்ந்து சென்று அதனைக் கண்டு களித்தனர்.

களித்தது நன்று, ஆனால் நம் உள்ளத்தை உறுத்துவது ஒன்று உண்டு. படம் பார்த்த பிள்ளைகளுள் நூலை எடுத்துப் படிக்க வல்லவர் எத்தனை பேர்? வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியிற் பிற மொழிகளிற் பயில்கின்றனர். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோயிற் சுவரிற் கண்ட கல்வெட்டுப் போல் ஆகி வருகின்றது. இது எவர் குற்றமும் அன்று. குடிபெயர்ந்து வாழும் வாழ்வின் விலை. எனினும், செலுத்தியே தீர வேண்டிய விலை அன்று. இரவு உணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் வீதம் தாயோ தந்தையோ பாட்டியோ உரக்கப் படித்துக் காட்டினால், முதற்பாகம் முடிவதற்குள், அடுத்த அத்தியாயத்தில் என்ன என்று அறியும் ஆவலால் பிள்ளை தானே எழுத்துக் கூட்டத் தொடங்கும். தமிழ் நாட்டில் எத்தனையோ பேர் எழுத்தறிந்ததும் இவ்வாறே.

படித்து முடித்த பின் ஒரு விடுமுறை நாளிற் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு மேற்பாடிக்கும் திருவல்லத்துக்கும் செல்வோம். பொன்னையாற்று மணலில் அவர்களை நிறுத்தி, நம் சித்தூர் வழியே வந்த ஆறு இது என்றும், வந்தியத்தேவனின் குதிரை நீர் அருந்தியது இவ்வாற்றில் என்று கல்கியோடு சேர்ந்து நாமும் கற்பனை செய்யலாம் என்றும் சொல்வோம். காவிரிக் கரையிற் பிறந்த அப்பெருமகனார்க்கு வேங்கடத்தின் அடியில் வாழும் நாம் செய்யத்தக்க அஞ்சலி அதுவே.

வாழ்க அமரர் கல்கியின் புகழ்! வளர்க நம் சங்கம்!